நாலு தட்டுப் பணிஸ்

அருமைராசா அண்ணை என் வீட்டில் வாய் நனைக்கவில்லை. பன்னிரண்டு வருடம் இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். புதுவீடு குடிபுகுந்த அன்று, பால் காய்ச்சி முடிந்து, வந்த சனமெல்லாம் தின்று குடித்துச் சிரித்துக்கொண்டு நின்ற நேரம், அந்த மனிதர் மட்டும் தட்டில் இருந்த பணிசை, அந்தக் குட்டிப் பன்னை, எடுத்து, விரலால் ஒரு அமத்து அமத்திப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். தேத்தண்ணியும் வேண்டாம் என்றார். அதோடு விட்டாரா? பக்கத்தில் நின்ற, வளர்ந்த மகள் நிரஞ்சனி கடிக்கப்போன பணிசையும் அவளின் கையில் இருந்து பறித்துத் தட்டில் போட்டார்.

எங்கள் ஆட்களுக்கு இதன் அர்த்தத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஊரில் என் அப்புவுக்குச் சிரட்டையில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த வீடுகள் இருந்தன. அந்த வீட்டுக்காரர் எங்கள் வீட்டுப்பக்கம் வந்தால் பச்சைத் தண்ணியும் குடிக்கமாட்டார்கள். அருமைராசா அண்ணை அந்தப் பக்கத்து ஆள். மொன்றியலுக்கு வந்து, ஒரே பேக்கரியில் ஒரே உடுப்புப் போட்டு வேலை செய்தும் அந்தக் குணம் போகவில்லை என்று நினைத்தேன். நினைத்ததோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

அவர் இந்தப் பங்குனியில் கண்ணை மூடினார். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் இருக்கட்டும். கதையில் பிழை விடக்கூடாது என்றுதான் பார்க்கிறேன்.

மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் அப்போது ஒரு பெரிய பாண் பேக்கரி இருந்தது. இப்போது அந்த இடத்தில் சாமான் அடுக்கும் கிட்டங்கி. அங்கே நான் லொறி ஓட்டினேன். விடிய முதல் கடைகளுக்குப் பாண் இறக்குவதும், விற்காமல் கிடந்த பழம் பாணைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வருவதும் என் வேலை. திரும்பி வருவதைப் பிரித்துப் பார்க்க ஒரு அறை. அந்த அறைக்கு அருமைராசா அண்ணை பொறுப்பு. மனுசி வருத்தம் வந்து கொழும்பில் செத்துப்போக, ஆறு வயது மகளோடு வந்து இறங்கினவர். கோட்-டெ-நெய்ஜில் ஒரு அறை உள்ள அப்பார்ட்மென்ட். பெட்டை சின்னனாக இருந்த காலத்தில் அவளுக்குத் தலை இழுத்துப் பின்னி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, பஸ்ஸும் மெத்ரோவும் மாறி வேலைக்கு வருவார். ஒருநாளும் பிந்தியதில்லை.

பாண் பையின் வாயை ஒரு சின்னப் பிளாஸ்டிக் கிளிப்பால் பூட்டுவார்கள். நாளுக்கு ஒரு நிறம். நிறத்தைப் பார்த்தால் எந்த நாள் பாண் என்று யாரும் சொல்லலாம். இவருக்கு நிறம் தேவையில்லை. பெருவிரலால் ஒரு அமத்து. "செவ்வாய்" என்பார். கிளிப்பைப் பார்த்தால் செவ்வாயாகத்தான் இருக்கும்.

ஒருநாள் நான் அந்த அறையில் இருந்து மத்தியானச் சாப்பாட்டுப் பையைப் பிரித்தேன். பாணும் முட்டையும். அவர் எட்டிப் பார்த்தார்.

"உதை ஆர் பிறிஜ்ஜுக்கை வைச்சது?"

"மனுசி. பழுதாப் போகாமல் இருக்க எண்டு."

"நாசமாப் போச்சு. மேசையில வைச்சா நாலு நாளில வாற கிழட்டுத்தனம் பிறிஜ்ஜுக்கை ஒரு நாளில வரும். பாணை வெளியில வை தம்பி. உன்ரை வாயைப் பிறிஜ்ஜுக்கை வை, அதுதான் கெதியாப் பழுதாகிறது."

நான் விடவில்லை. பாண் காய்ந்துதான் பழசாகிறது, பிறிஜ்ஜில் எப்படிக் காயும் என்று நின்றேன். அவர் அன்று வந்த பாண் ஒன்றைப் பையோடு தராசில் வைத்து, நிறையை என் கண் முன்னால் பையில் எழுதினார். நாலாம் நாள் அதே பாணை எடுத்து வைத்தார். நிறை அப்படியே இருந்தது. பாண் விறைத்துப்போய் இருந்தது.

"ஈரம் எங்கை போச்சு, சொல்லு பாப்பம்?"

"ஒரு இடமும் போகேல்லை."

"ஓம். நடுவுக்கை கிடந்தது தோலுக்கு வந்திட்டுது. அதுதான் தோல் இளகிக் கிடக்கு, உள்ளுக்கை இறுகிக் கிடக்கு. ஆறின சோறு விறைக்குமெல்லே, அந்த மாதிரித்தான் மாவும். குளிர் பட்டா இன்னும் கெதியா இறுகும். ஒரேயடியா உறைய வைச்சியெண்டா அந்த இடத்திலேயே நிண்டிடும். பிறிஜ் ரெண்டும் கெட்டான்."

"சூடாக்கினா?"

"தண்ணி தெளிச்சுச் சூடாக்கினா புதுப்பாண் மாதிரி வரும். ஒரு மணித்தியாலம். பேந்து முந்தியை விட மோசம். பல்லுத்தான் போகும்."

இதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். அவர் சொன்ன வேறு எதையும் மனதில் வைக்கவில்லை. இதை மட்டும் வைத்தேன்.

வீடு வாங்கிய நேரம் கையில் ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் எழுபது பேருக்குப் பணிஸ் வாங்க ஏலாத அளவுக்கு இல்லாமல் போகவில்லை. அதை மறைத்து என்ன? குடிபுகுவதற்கு இரண்டு நாள் முன்னம், வெள்ளிக்கிழமை, திரும்பி வந்த பழம் பணிஸ் நாலு தட்டு பன்றிப் பண்ணைக்குப் போக அடுக்கிக் கிடந்தது. பன்றி தின்னப்போவதை மனிசர் தின்றால் என்ன என்று தோன்றியது. நாலு தட்டையும் என் லொறியில் ஏற்றினேன். மனுசி துஷாந்தினியிடம் "கொம்பனி தந்தது" என்றேன். அவள் பாவம், நல்ல மனிசர் என்று கொம்பனியைப் புகழ்ந்துகொண்டு பணிசோடு தின்ன இரவெல்லாம் வெங்காயம் வதக்கிச் சீனிச்சம்பல் கிண்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் குசினிக்குள் நின்று பணிசுக்குத் தண்ணி தெளித்து அவணில் வைத்துச் சூடாக்கினேன். கிளிப்புகளை முதலே கழற்றிக் குப்பைக்குள் போட்டுவிட்டேன். வந்த சனம் "நல்ல மெத்தெண்டு கிடக்கு" என்று தின்றது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

அருமைராசா அண்ணை பஸ்ஸில் வந்தார், அதனால் பிந்தினார். அயன் பண்ணி மினுக்கின சேட். கையில் கடதாசியில் சுற்றின ஒரு பித்தளை விளக்கு. துஷாந்தினி ஓடிப்போய்த் தட்டை நீட்டினாள். அந்த ஒரு மணித்தியாலம் அப்போது முடிந்திருந்தது. அவர் பணிசை அமத்தினார். விரல் பட்ட குழி அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு நடந்ததைத்தான் தொடக்கத்தில் எழுதினேன்.

"வயிறு சரியில்லைப் பிள்ளை," என்று துஷாந்தினிக்குச் சொன்னார். பத்து நிமிசம் நின்றுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மனுசியின் சின்னம்மா, சிவநேசம் மாமி, சோபாவில் இருந்து எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தா. "கண்டியே நாதன்," என்றா. "தான்தான் தின்னேல்லை எண்டா, அந்தப் பெட்டையையும் தின்ன விடேல்லை. கனடாவுக்கு வந்தும் சாதி எழுப்பம் குறையேல்லை."

"விடுங்கோ மாமி," என்றேன். ஆனால் நான் விடவில்லை. பணிஸ் பழசு என்று அவர் கண்டுபிடித்திருப்பார் என்ற நினைப்பு ஒரு நொடி வந்தது. வந்ததை நானே மிதித்து அமத்தினேன். என் களவை நினைப்பதை விட அவருடைய எழுப்பத்தை நினைப்பது எனக்குச் சுகமாக இருந்தது. அதுதான் உண்மை.

அடுத்த கிழமை அவரை அந்த அறையில் இருந்து எடுத்து, பாணை உறைய வைக்கிற குளிரறைக்கு மாற்றினார்கள். பற்றிக் என்ற போர்மன்தான் மாற்றினான். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். கடவுள் பார்த்துக்கொண்டார் என்று மனுசியிடம் சொன்னேன். மற்ற லொறிக்காரர் கேட்டால் அவர் பகிடி விடுவார்: "அதுக்குள்ளை பாண் பழசாகாது. ஆள்தான் பழசாகும்." ஒரு வருடத்தில் அவருக்குப் பெருவிரல் மரத்துப்போனது.

என்னோடு அவர் கதைப்பதைக் குறைக்கவில்லை. "என்ன தம்பி, வீடு எப்பிடி?" என்று கேட்பார். நான்தான் முகம் கொடுக்கமாட்டேன்.

இரண்டு வருடம் போனது. சிவநேசம் மாமியின் மகன் வினோஜன் ஒரு பெட்டையை விரும்புகிறான் என்று கதை வந்தது. பார்த்தால் நிரஞ்சனி. அவள் அப்போது ஒரு கார்டறியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை செய்தாள். மாமி என்னைக் கூப்பிட்டுக் கேட்டா: "நீ அந்தாளோடை வேலை செய்யிறனி. எப்பிடி ஆள்? எங்களைத் தன்ரை வீட்டு ஆக்களா நினைப்பாரோ?"

"நீங்கள்தானே மாமி கண்ணாலை கண்டது. எங்கடை வீட்டிலை வாய் நனைக்காத மனிசன் உங்கடை வீட்டிலை நனைப்பாரோ?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். மாமியின் முகம் இன்னும் அரைவாசி சம்மதமாகத்தான் இருந்தது. அதைக் கண்டு இன்னொன்றையும் சேர்த்தேன்.

"நீங்கள் காணேல்லை, நான் கண்டனான். தட்டைத் தொட்ட கையை வெளியில வந்து லேஞ்சியாலை துடைச்சவர்."

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அந்த லேஞ்சி, அந்தக் கைக்குட்டை, என் வாயில் பிறந்தது.

ஆனால் ஊர் முழுக்கப் போனது அதுதான். செயின்ட்-மிஷேலில் சொன்னது இரண்டு நாளில் கோட்-டெ-நெய்ஜுக்குப் போய்விடும். அவரை ஒன்றுக்கும் கூப்பிடாமல் விட்டார்கள். பிறந்தநாள் இல்லை, சாமத்தியவீடு இல்லை. கடையில் கண்டால் சனம் முகத்தைத் திருப்பியது. கடைசியாக வினோஜன் மூலமாக அது நிரஞ்சனியின் காதுக்கும் போனது.

அவள் வீட்டுக்குப் போய்த் தகப்பனிடம் நேரே கேட்டிருக்கிறாள். இதை எனக்குச் சொன்னவள் அவள்தான், இந்த வருடம், நான் அவளின் வாசலில் போய் நின்ற பிறகு, தகப்பனைப் பார்க்க அவள் வந்த ஆஸ்பத்திரி விறாந்தையில் வைத்து.

"அப்பா, நீங்கள் அவையின்ரை வீட்டிலை சாதி பாத்தோ சாப்பிடாமல் விட்டனீங்கள்?"

"இல்லைப் பிள்ளை."

"அப்ப என்னத்துக்கு என்ரை கையில இருந்து பறிச்சனீங்கள்?"

மூன்று தரம் கேட்டிருக்கிறாள். மூன்று தரமும் அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். பணிசை அவர் பறித்தது அவளுக்கே தெரியும். அது உண்மை என்றால் லேஞ்சியும் உண்மையாகத்தான் இருக்கும் என்று அவள் எடுத்துக்கொண்டாள். உடுப்புப் பையோடு சிநேகிதி வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

வினோஜன் ஒற்றைக்காலில் நின்றான். "தகப்பன் வேண்டாம், பெட்டை வேணும்" என்று மாமியும் இறங்கி வந்தா. டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் கலியாணம். பெண் பக்கத்துக்கு ஆள் இல்லை. தாரை வார்க்க ஒரு புருசன் பெண்சாதி வேண்டும் என்று ஐயர் சொன்னார். நானும் துஷாந்தினியும் மணவறையில் இருந்தோம். நிரஞ்சனியின் கையைப் பிடித்துத் தகப்பன் இடத்தில் இருந்து கொடுத்தவன் நான். பட்டு வேட்டி கட்டியிருந்தேன். அன்று அருமைராசா அண்ணை லீவு எடுக்கவில்லை. வழமை போலக் குளிரறையில் நின்றார் என்று அடுத்த நாள் ஒரு லொறிக்காரன் சொன்னான். "பார், நெஞ்சு கல்லு," என்று அதற்கும் ஒரு சொல் சொன்னேன்.

பிறகு நான் பேக்கரியை விட்டு, சொந்தமாக ஒரு வான் எடுத்து ஓடத் தொடங்கினேன். அவர் பென்சன் எடுத்தார். அவருக்குச் சிறுநீரகம் பழுது, மெசினில் இரத்தம் கழுவுகிறார்கள், கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி என்று காதில் விழுந்தது. போய்ப் பார்க்கவில்லை.

இந்தத் தை மாதம், எங்கள் வீதி முடக்கில் உள்ள டெப்பனேர் பெட்டிக்கடையில் பழைய போர்மன் பற்றிக்கைக் கண்டேன். ஆள் கிழண்டுபோனான். லொத்தர் சீட்டைச் சுரண்டிக்கொண்டு நின்றான். என் பிரெஞ்சு லொறிக்காரன் பிரெஞ்சு, ஆனால் அவன் சொன்னது எனக்கு நல்லாய் விளங்கியது. எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"உன்னைக் காப்பாத்தின மனிசன் எப்பிடி இருக்கிறார்?"

"ஆர்?"

"அருமை. எனக்குத் தெரியாதெண்டே நினைக்கிறாய்? நாலு தட்டுக் குறையுது எண்டு சனிக்கிழமை அவரைக் கேட்டன். பூஞ்சணம் கண்டது, தான் அழுத்துற மெசினுக்கை எறிஞ்சிட்டன் எண்டார். அந்தக் கிழமை வந்ததிலை ஒரு பூஞ்சணமும் இல்லை. வெள்ளிக்கிழமை கடைசியா ஏத்தினது நீதான். பேரைச் சொல்லு எண்டன், சொல்லேல்லை. கடதாசியை இழுத்துக் கையெழுத்து வைச்சார். பூஞ்சணத்தை மேலிடத்துக்குச் சொல்லாமல் எறிஞ்சது பிழை. அவரைத் தூக்கிக் குளிருக்கை போடச் சொல்லி மேலை இருந்து வந்தது. நான் என்ன செய்ய?"

அவன் லொத்தரைக் கசக்கி எறிந்துவிட்டு, "நல்ல பணிசோ அது?" என்று கேட்டுச் சிரித்தான். நான் பால் வாங்கப் போனவன். வாங்காமல் வந்து வானுக்குள் இருந்தேன். கண்ணாடியில் பனி கட்டியிருந்தது. சுரண்டவில்லை. வெளியே இருந்து யாரும் என்னைப் பார்க்காமல் இருப்பது நல்லது என்று பட்டது.

கோட்-டெ-நெய்ஜுக்குப் போக எனக்கு மூன்று கிழமை எடுத்தது. ஒரு பின்னேரம், வழியில் சூடாக ஒரு பாண் வாங்கிக்கொண்டு போனேன். அதே அப்பார்ட்மென்ட். கதவைத் திறந்தவர் பாதி ஆளாக இருந்தார். கையில் ஊசி குத்தின இடம் வீங்கிக் கிடந்தது.

"வா தம்பி. உதென்ன, பாணே? அமத்திப் பாக்கச் சொல்லாதை, விரல் சொல்லாது இப்ப."

கதிரையில் இருந்தேன். ஒரு முகவுரையும் எனக்கு வரவில்லை.

"பற்றிக் சொன்னவன், அண்ணை."

"அவன் இன்னும் உயிரோடையே?" என்றார்.

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை? என்ரை வீட்டிலை வைச்சே கேட்டிருக்கலாமே."

"எழுபது பேருக்கு முன்னாலையோ? வீடு குடிபூர நாளோ?" அவருக்குக் கோபம் வந்தது, பழைய குரலும் அதோடு வந்தது. "முதல் நாள்தான் எறிஞ்சிட்டன் எண்டு கையெழுத்து வைச்சிட்டு வாறன். அடுத்த நாள் அதை நீ எனக்குத் தட்டிலை வைச்சுத் தாறாய். பொய்யும் சொல்லி, அதைத் தின்னவும் செய்தா நானும் கள்ளன். பிள்ளைக்கும் களவைத் தின்னக் குடுக்கிறதோ? அதுதான் பறிச்சனான்." மூச்சு வாங்கினார். "தேத்தண்ணி குடிச்சிருக்கலாம். தேத்தண்ணி உன்ரைதானே. அது நான் விட்ட பிழை. கோவம்."

"நிரஞ்சனிக்காவது சொல்லியிருக்கலாம்."

"அவளுக்குச் சொன்னா வினோஜனுக்குப் போகும். வினோஜனுக்குப் போனா சிவநேசத்துக்குப் போகும். பேந்து பேக்கரிக்குப் போக எத்தினை நாள்? உனக்கு ரெண்டு சின்னப் பிள்ளையள். புது வீடு."

"நான்தான் பேந்து வேலையை விட்டிட்டேனே அண்ணை."

"அதுக்குப் பேந்து சொன்னா ஆர் நம்புவினம்? இவ்வளவு காலம் யோசிச்சு ஒரு சாட்டுப் பிடிச்சிருக்கிறான் எண்டுவினம். சொல்லுறதெண்டா அண்டைக்கே சொல்லியிருக்கவேணும்."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இன்னொன்று மிச்சம் இருந்தது. அதைச் சொல்லாமல் எழும்பிப் போயிருக்கலாம்; அவருக்கு அது என் வேலை என்று தெரியாது.

"அந்த லேஞ்சிக் கதை, அண்ணை."

"எந்த லேஞ்சி?"

"நீங்கள் கையைத் துடைச்சதெண்டு. நிரஞ்சனி கேட்டிருப்பா."

"ஓம், அதையும் ஒருக்காச் சொல்லி அழுதவள். எந்த நாய் கட்டினதோ எண்டு நினைச்சன்."

"நான்தான் கட்டினது."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குச் சொல் இல்லை. களவுக்கு அவர் அப்படிப் பார்க்கவில்லை.

"என்னட்டை லேஞ்சி எண்டு ஒண்டு ஒருநாளும் இருந்ததில்லையடா. நான் காற்சட்டையிலை துடைக்கிற ஆள். பேக்கரி முழுக்கத் தெரியும். பிள்ளைக்கும் தெரியும். அதைக்கூட அவள் யோசிக்கேல்லை, பார்."

அவர் அழவில்லை. நான் அழுதேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. "உதை நிப்பாட்டு," என்றார். நிப்பாட்டினேன். மேசையில் கிடந்த பாணைப் பையோடு எடுத்து என் மடியில் வைத்தார்.

"அவளுக்கு ரெண்டு பிள்ளையள் எண்டு கேள்வி," என்றார். "நான் காணேல்லை."

நான் எழும்பிக் கதவடிக்குப் போய்விட்டேன். சப்பாத்துப் போடும்போது அவர் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தார். என்னிடம் அவர் கடைசியாகக் கேட்டது அங்கே வைத்துத்தான்.

"வாற ஞாயிற்றுக்கிழமை டொலார்ட்டுக்கு, பிள்ளையின்ரை வீட்டுக்குப் போ. போனிலை சொல்லாதை, நேரிலை போ. சிவநேசமும் நிக்கிற நேரமாப் பாத்துப் போ. பணிசையும் சொல்லு, லேஞ்சியையும் சொல்லு. என்னை நல்லவன் எண்டு சொல்லத் தேவையில்லை, நீ செய்ததை மட்டும் சொல்லு. கையிலை ஒண்டும் கொண்டு போகாதை. வாசல்லை நிண்டு, சப்பாத்துக் கழட்ட முதல் சொல்லிப்போடு. உள்ளுக்கை போய் இருந்து தேத்தண்ணி குடிச்சியெண்டா நீ சொல்லமாட்டாய், உன்னை எனக்குத் தெரியும்."